முடக்குவாதமும் மாற்று மூட்டும்: வடசென்னையிலிருந்து ஒரு வரலாறு

முடக்குவாதம் மூட்டில் வெளிப்படுகிறது. ஆனால் உடல் முழுவதையும் பிடிக்கும் நோய் அது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல் திசைமாறித் தன் உடலையே தாக்கும்போது, மூட்டின் உட்புறத்தில் உள்ள மெல்லிய சவ்வு வீங்கித் தடித்துக் குருத்தெலும்பையும் அதன் கீழிருக்கும் எலும்பையும் அரிக்கிறது. அதே அழற்சி நுரையீரலையும் இதயத்தையும் ரத்தக்குழாய்களையும் கழுத்தெலும்பையும் தொடுகிறது. வயதாகித் தேய்ந்த முழங்காலுக்குச் செயற்கை மூட்டு பொருத்துவதும், முடக்குவாதம் அரித்த முழங்காலுக்குப் பொருத்துவதும் பார்வைக்கு ஒரே அறுவை சிகிச்சைதான். அதே உலோகம், அதே பிளாஸ்டிக், அதே ஒன்றரை மணி நேரம். ஆனால் மேஜைமேல் படுத்திருக்கும் உடல் வேறு. இந்த வேறுபாட்டை மருத்துவ உலகம் உணர்ந்துகொள்ள அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. அதற்கு விலையாகச் சில உயிர்களும் போயின.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், பழைய சென்னை நகரின் எல்லையில் வண்டிகளுக்குச் சுங்கம் வாங்கிய இடம்தான் டோல்கேட். சுங்கம் வாங்குவது நின்று நெடுங்காலம் ஆகியும் பெயர் நிலைத்துவிட்டது. பஸ் நிலையத்துக்கும் அந்தப் பெயர்தான். 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையத்துக்கும் அந்தப் பெயர்தான். தெற்கே காசிமேடு, ராயபுரம். வடக்கே காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். விம்கோ தீப்பெட்டி ஆலை, 1955 முதல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள், எம்.ஆர்.எஃப். டயர், எண்ணூரில் அசோக் லேலண்ட் என்று இருபதாம் நூற்றாண்டு முழுக்க உடலுழைப்பால் வாழ்ந்த பகுதி இது. ஆலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மீன்பிடித் துறைமுகத்தில் குந்தி உட்கார்ந்து மீன் தரம் பிரித்தவர்கள், கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றவர்கள், வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்கியவர்கள் பெண்கள். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கும் நோய். அது தொடங்கும் வயதும் பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்டது. குடும்பம் முழுவதும் அந்தப் பெண்ணின் கைகால்களை நம்பியிருக்கும் காலம்.

இப்பகுதி மக்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் ஸ்டான்லிதான். அதன் வேர் ஒரு பஞ்சத்தில் இருக்கிறது. ஹைதர் அலியுடன் நடந்த போரால் 1780களின் தொடக்கத்தில் சென்னையைச் சுற்றிய கிராமங்கள் பாழாயின. பசியோடு நகருக்குள் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் மணியக்காரர் சத்திரம் ஏற்பட்டது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே நோயாளிகளுக்கான ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்ற பெயர் பல தலைமுறைகளுக்கு மக்கள் நாவில் இருந்தது. ராயபுரம் மருத்துவப் பள்ளியாக வளர்ந்து, கவர்னர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டான்லியின் பெயரைப் பெற்று, 1938இல் அது மருத்துவக் கல்லூரியானது. ஏழைகளுக்குச் சோறு போட்ட இடத்திலிருந்து பிறந்த ஆஸ்பத்திரி என்பது இந்த வரலாற்றுக்குத் தேவையான செய்தி. முடக்குவாதக்காரர்கள் அங்கே வந்து சேர்ந்தது பெரும்பாலும் வேறு வழிகள் எல்லாம் அடைபட்ட பிறகுதான்.

நோய்க்கு மேற்கத்திய மருத்துவத்தில் தனி அடையாளம் கிடைத்ததே தாமதமாகத்தான். 1800இல் பாரிசின் சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் லாந்த்ரே-போவே என்ற இளம் மருத்துவர் தன் பட்ட ஆய்வில், கவுட் நோயோடு ஒத்துவராத ஒரு மூட்டு நோயை விவரித்தார். அவர் பார்த்த ஒன்பது பேரும் பெண்கள், வசதியற்றவர்கள். 1859இல் லண்டனில் ஆல்ஃபிரட் கேரட் அந்நோய்க்கு இன்றுள்ள ஆங்கிலப் பெயரைக் கொடுத்தார். நம்மூர் வைத்தியர்கள் இதை அதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். சித்த மருத்துவத்தின் எண்பது வாத நோய்களில் உதிரவாத சுரோணிதத்தின் குறிகளும், ஆயுர்வேதத்தின் ஆமவாதமும் இதை ஒத்தவை. எண்ணெய்த் தேய்ப்பும் ஒற்றடமும் கஷாயமும் வலியைத் தணித்தன. அரிக்கப்பட்ட எலும்பைத் திருப்பித் தரும் வழி எந்த மருத்துவத்திடமும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை சென்னையிலும் லண்டனிலும் வழங்கிய சிகிச்சை ஏறக்குறைய ஒன்றுதான். சாலிசிலேட் மாத்திரை, படுக்கை ஓய்வு, மூட்டு கோணாமலிருக்க மரச்சிம்பு அல்லது பிளாஸ்டர் கட்டு. 1929இல் பிரான்சில் ஜாக் ஃபொரெஸ்தியே தங்க உப்பு ஊசிகளைப் புகுத்தினார். சிலருக்குப் பலன் கிடைத்தது, பலருக்குச் சிறுநீரகத்திலும் தோலிலும் தொல்லை வந்தது. அறுவை மருத்துவர்களிடம் இருந்த கருவி முரட்டுத்தனமானது. வலிக்கும் மூட்டின் இரு எலும்புகளையும் சீவி ஒன்றோடொன்று ஒட்டவைப்பார்கள். மூட்டு அசையாது, அதனால் வலிக்காது. ஒரு முழங்கால் மட்டும் கெட்டவருக்கு இது தாங்கக்கூடியதே. இரண்டு முழங்கால், இரண்டு இடுப்பு, மணிக்கட்டு என்று அடுக்கடுக்காகப் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு எதை ஒட்டவைப்பது? ஒட்டவைத்த காலோடு தரையில் உட்கார முடியாது, கழிப்பறை போக முடியாது, அடுப்பின் முன் குனிய முடியாது.

மூட்டையே மாற்றிவிடலாம் என்ற எண்ணம் 1890இல் பெர்லினில் செயலானது. தெமிஸ்டோக்ளெஸ் க்ளுக் யானைத் தந்தத்தால் முழங்கால் மூட்டு செய்து பொருத்தினார். அவர் தேர்ந்தெடுத்தவை பெரும்பாலும் காசநோய் அரித்த மூட்டுகள். உள்ளே இருந்த கிருமி தந்தத்தைச் சுற்றிச் சீழ்பிடிக்க, முயற்சிகள் தோற்றன. உடலுக்குள் வைக்கும் அன்னியப் பொருளைச் சுற்றிக் கிருமி ஒளிந்துகொண்டால் மருந்தால் அதை வெளியேற்றுவது அரிது என்ற பாடம் அன்றே கிடைத்தது. மூட்டு மாற்று சிகிச்சையின் பெரும் பயம் இன்றும் இதுவே.

இடுப்பு முழுவதையும் உலோகத்தால் முதலில் மாற்றியவர் லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியின் ஃபிலிப் வைல்ஸ். ஆண்டு 1938. அவருடைய நோயாளிகள் சிறுவயதிலேயே வாதம் தாக்கி இடுப்பு இறுகிப்போனவர்கள். 1951இல் ஸ்டாக்ஹோமில் வால்டியுஸ் கதவுக் கீல்போல் மடங்கும் முழங்கால் மூட்டைப் பொருத்தியதும் முடக்குவாதக்காரர்களுக்கே. மூட்டு மாற்றத்தின் முதல் துணிச்சல்கள் இவர்கள் உடலில்தான் சோதிக்கப்பட்டன என்பது கவனத்துக்குரியது. இழக்க இனி ஒன்றுமில்லை என்ற நிலையில் இருந்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஆபத்து மிகுந்த உடலும் அவர்களுடையதுதான்.

இன்றைய மூட்டு மாற்றத்துக்கு வழி திறந்தவர் இங்கிலாந்தின் லங்காஷரில் இருந்த ஜான் சார்ன்லி. அவர் வேலை செய்த ரைட்டிங்டன் ஆஸ்பத்திரி முதலில் காசநோயாளிகளுக்காகக் கட்டப்பட்டது. முதலில் அவர் டெஃப்லான் கிண்ணம் வைத்தார். சில ஆண்டுகளில் அது தேய்ந்து துகளாகி எலும்பைக் கெடுத்தது. நூற்றுக்கணக்கானவர்களுக்குத் திரும்ப அறுக்க வேண்டியிருந்தது. 1962 நவம்பரில் கடினமான பாலிஎதிலீனுக்கு மாறினார். சிறிய எஃகுத் தலை, பிளாஸ்டிக் கிண்ணம், பல் மருத்துவர்கள் பயன்படுத்திய அக்ரிலிக் சிமென்ட் ஆகிய மூன்றும் சேர்ந்து நிலைத்தன. சார்ன்லி அத்தோடு நிற்கவில்லை. தொடக்கத்தில் அவருடைய நோயாளிகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் சீழ்பிடித்தது. வடிகட்டிய காற்று மேலிருந்து கீழாக ஓடும் கண்ணாடி அறை, மருத்துவர்கள் விட்ட மூச்சை வெளியே இழுக்கும் தலைக்கவசம், நெருக்கமாக நெய்த அங்கி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து அதை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தார். 1970களில் லண்டனிலும் நியூயார்க்கிலும் முழங்காலுக்கு உருவான வடிவங்கள் இன்றைய மூட்டுகளின் முன்னோர்.

மூட்டு நல்லபடியாக அமைந்தது. உடல் மட்டும் அப்படியே இருந்தது. இங்கேதான் கதையின் கடினமான பகுதி தொடங்குகிறது.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், எழவே முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்குக் கார்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு. கார்டிசோன் முடக்குவாதத்தைக் குணமாக்கிவிட்டது என்றே உலகம் நம்பியது. மாதக்கணக்கில் அதை எடுத்தவர்களின் அட்ரீனல் சுரப்பி, வெளியிலிருந்து வரும் ஹார்மோனை நம்பித் தன் வேலையை விட்டுச் சுருங்கிப்போகிறது என்பது அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. 1952இல் அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு அறிக்கை வந்தது. கார்டிசோன் எடுத்துவந்த முடக்குவாத நோயாளி ஒருவர்; அறுவைக்கு முன் மருந்தை நிறுத்தியிருந்தார்கள்; இடுப்பு மூட்டு அறுவை முடிந்த சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்தது, எதைக் கொடுத்தும் ஏறவில்லை. பிரேதப் பரிசோதனையில் அட்ரீனல் சுரப்பிகள் சுருங்கிக் கிடந்தன. அறுவையின் அதிர்ச்சியை எதிர்கொள்ள உடல் சுரக்க வேண்டிய ஹார்மோன் அந்த மனிதருக்குள் இல்லை.

இந்த மரணம் உலகெங்கும் மயக்க மருத்துவர்களை உலுக்கியது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு, ஸ்டீராய்டு எடுப்பவர் எவராக இருந்தாலும் அறுவை நாளில் பெரிய அளவு ஹைட்ரோகார்டிசோன் ஏற்றுவது வழக்கமானது. அது மறுபக்கம் சாய்ந்தது. அதிக ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றுகிறது, புண் ஆறுவதைத் தடுக்கிறது, கிருமிக்குக் கதவு திறக்கிறது. அமெரிக்க வாதநோய்க் கல்லூரியும் இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர்களின் சங்கமும் 2017இல் சேர்ந்து வெளியிட்டு 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதல், வழக்கமாக எடுக்கும் அளவை நிறுத்தாமல் தொடர்ந்தால் பெரும்பாலோருக்குப் போதும், கூடுதல் வேண்டாம் என்கிறது. ஒரு மரணத்திலிருந்து எழுந்த அச்சம் அளவுக்கு வர அறுபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

தமிழகத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வலி தாங்காமல் மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரை, வாதத்துக்கு என்று விற்கும் பொடி, பெயர் ஒட்டாத சூரணம் ஆகியவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இந்தியாவில் பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. தான் ஸ்டீராய்டு எடுப்பதே நோயாளிக்குத் தெரியாது. ‘என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?’ என்று கேட்டால் ‘நாட்டு மருந்துதான்’ என்று பதில் வரும். முகம் வட்டமாக உப்பியிருப்பதும், கையின் தோல் காகிதம்போல் மெலிந்து ஊதா நிறக் கன்றல்கள் இருப்பதும்தான் மருத்துவருக்குத் தடயம். வழிகாட்டுதலைப் பின்பற்றுவதற்கு முன்னால், மறைந்திருக்கும் மருந்தைக் கண்டுபிடிப்பது இங்கே முதல் வேலை.

முடக்குவாதத்தின் போக்கையே மாற்றிய மருந்தின் கதையில் சென்னைக்கு நேரடிப் பங்கு உண்டு. பீமாவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் கற்பித்துவிட்டு அமெரிக்கா போனவர், லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுத் தலைவரானார். ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் அமினாப்டெரினும், அதன் உறவான மெத்தோட்ரெக்சேட்டும் அவர் குழுவின் உழைப்பில் வந்தவை. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்காக அவை முதலில் பயன்பட்டன. 1951இல் அமினாப்டெரின் முடக்குவாதத்தையும் தணிக்கிறது என்று அமெரிக்காவில் கண்டார்கள். சுப்பாராவ் 1948லேயே இறந்துவிட்டதால் அதை அவர் பார்க்கவில்லை. கார்டிசோன் பரபரப்பில் அந்தக் கண்டுபிடிப்பும் மறக்கப்பட்டது. வாரம் ஒரு முறை சிறிய அளவில் மெத்தோட்ரெக்சேட் என்ற முறைக்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது 1988இல்தான். இன்று அரசு ஆஸ்பத்திரிகளில் முடக்குவாதக்காரர்கள் கையில் இருக்கும் மஞ்சள் மாத்திரை அதுவே. வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிட வேண்டியதைத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் எந்தக் கிழமை என்று சீட்டில் எழுதிக் கொடுப்பது இதன் நடைமுறை.

மெத்தோட்ரெக்சேட் எதிர்ப்பாற்றலை அடக்குகிறது. ஆகவே அறுவைக்கு முன் நிறுத்திவிட வேண்டும் என்று அறுவை மருத்துவர்கள் நினைத்தார்கள். கேட்பதற்கு நியாயமாக இருந்தது. சார்ன்லியின் அதே ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் கிரெனன் குழுவினர் இதைச் சோதித்தார்கள். 388 முடக்குவாத நோயாளிகள். மருந்தைத் தொடர்ந்தவர்கள், நிறுத்தியவர்கள், மெத்தோட்ரெக்சேட்டே எடுக்காதவர்கள் என மூன்று பிரிவு. 2001இல் வெளியான முடிவில், தொடர்ந்தவர்களில் 2 விழுக்காட்டினருக்கு மட்டுமே கிருமித் தொற்றோ அறுவைச் சிக்கலோ வந்தது; நிறுத்தியவர்களில் 15 விழுக்காடு; எடுக்காதவர்களில் 10.5 விழுக்காடு. நிறுத்தியவர்களுக்கு நோய் மீண்டும் சீறியதும் உண்டு. கட்டுக்குள் இல்லாத நோய்தான் அடக்கும் மருந்தைவிடப் பெரிய ஆபத்து என்பதை எண்களில் காட்டிய ஆய்வு இது. இந்த வரலாற்றில் நோயாளிகளுக்கு இதைவிட நேரடியாகப் பலன் தந்த ஆய்வு வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

அதற்குள் அடுத்த தலைமுறை மருந்துகள் வந்துவிட்டன. லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுத்தால் முடக்குவாதம் அடங்கும் என்று 1990களில் நிறுவினார்கள். 1998, 1999ஆம் ஆண்டுகளில் இம்மருந்துகள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. 2001இல் அவற்றில் ஒன்றைப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் கிளம்பியதாக அறிக்கை வந்தது. நுரையீரலில் சிறைப்பட்டுத் தூங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி உடல் கட்டும் மதிலுக்கு டி.என்.எஃப். தேவை; அதைத் தடுத்தால் மதில் இடிகிறது. வடசென்னைக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், நெரிசலான ஏழைக் குடியிருப்புகளில் வாழ்வோரை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலகுக்கே காட்டியது இந்நகரில்தான். அவ்வளவு காசநோய் இங்கே இருந்தது. எனவே நெஞ்சு எக்ஸ்ரேயும் மறைந்திருக்கும் காசநோய்க்கான சோதனையும் இல்லாமல் இவ்வூசிகளைத் தொடங்குவதில்லை. மூட்டு மாற்றத்துக்கு முன் இந்த ஊசியை நிறுத்திவைத்து, அடுத்த ஊசிக்கான நாளை ஒட்டி அறுவையை வைத்து, புண் ஆறித் தையல் எடுத்த பிறகு, ஏறத்தாழ இரண்டு வாரத்தில், மறுபடி தொடங்குவது இப்போதைய முறை. மெத்தோட்ரெக்சேட்டைத் தொடர வேண்டும், ஊசியை நிறுத்த வேண்டும் என்ற வேறுபாடு சீட்டில் தெளிவாக இல்லாவிட்டால் நோயாளி இரண்டையும் சேர்த்து நிறுத்திவிடுவார்.

கழுத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் முழங்காலுக்கு ஆபரேஷன் என்று வந்தவருக்குக் கழுத்தில் ஆபத்து என்பது கேட்பவருக்கு விளங்காத செய்தி. முதுகெலும்பின் முதல் எலும்பு வளையம்போன்றது. இரண்டாம் எலும்பிலிருந்து எழும் முளையை அது சுற்றி நிற்கிறது. இரண்டையும் ஒரு நார் இறுக்கிப் பிடித்திருக்கிறது. முடக்குவாதம் அந்த நாரைத் தளர்த்தினால் வளையம் முன்னால் நழுவி, முளை தண்டுவடத்தை அழுத்தக்கூடும். பெரியவர்களுக்கு முளைக்கும் வளையத்துக்கும் இடையே முன்புறத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் தளர்வு. முளைக்குப் பின்புறம் தண்டுவடத்துக்கு மிஞ்சும் இடம் 14 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் எச்சரிக்கை. நோயாளிக்கு வலியே இல்லாமல் இருக்கலாம். மயக்க மருந்து கொடுத்துத் தசைகள் தளர்ந்தபின், மூச்சுக்குழாய் செருகத் தலையையும் கழுத்தையும் அசைத்தால், அதுவரை தசை தாங்கிய கழுத்து தாங்காது. ஆகவே கழுத்தை முன்னால் குனிந்தும் பின்னால் நிமிர்ந்தும் எடுக்கும் இரண்டு எக்ஸ்ரே, முடக்குவாதக்காரருக்கு மூட்டு மாற்றத்துக்கு முந்தைய சோதனைகளில் இடம்பெற்றது. செலவு குறைவு, ஐந்து நிமிட வேலை. இதோடு தாடை மூட்டு இறுகி வாய் போதிய அளவு திறக்காமலிருப்பதும், குரல்வளை மூட்டு வீங்கியிருப்பதும் மயக்க மருத்துவர் பார்ப்பவை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறையையே பெரும்பாலும் இவர்களுக்கு விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கைகளின் வரலாறு தமிழகத்தில் இடுப்பு, முழங்காலைவிடப் பழையது. 1940களின் இறுதியிலிருந்து வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்றி அவற்றை வேலை செய்ய வைத்தார். ஸ்டான்லியில் 1970களின் தொடக்கத்தில் ஆர். வெங்கடசாமி கைக்கான தனி அறுவைப் பிரிவை நிறுவினார். அது எழுந்த இடம் தற்செயல் அல்ல. பிரஸ் மெஷினில் விரல் நசுங்கித் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் கைகள்தான் அதற்குத் தேவையை உண்டாக்கின. நசுங்கிய கையைச் சீரமைத்த திறனே முடக்குவாதக் கைக்கும் பயன்பட்டது. விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துபோதல், மணிக்கட்டின் கூரிய எலும்பில் உரசி விரல் நிமிர்த்தும் நாண் திடீரென அறுந்துபோதல் ஆகியவை இவர்களுக்கு நேர்பவை. அமெரிக்கரான ஆல்ஃபிரட் ஸ்வான்சன் 1960களில் வடிவமைத்த சிலிகோன் விரல் மூட்டு முடக்குவாதக் கைகளையே முன்வைத்து உருவானது. முழங்கால் மாற்றத்துக்கும் கைக்கும் உள்ள தொடர்பு எளிமையானது: ஆபரேஷன் முடிந்த மறுநாள் வாக்கரைப் பிடித்து நிற்க விரல்கள் மடங்க வேண்டும், மணிக்கட்டு எடை தாங்க வேண்டும். முடியாதவருக்கு முழங்கையை ஊன்றித் தள்ளும் வாக்கர் முன்கூட்டியே ஏற்பாடாக வேண்டும்.

முடக்குவாதத்துக்கெனத் தனித் துறை சென்னை மருத்துவக் கல்லூரியில் 1970களில் வேரூன்றியது. ஏ.என். சந்திரசேகரன் வளர்த்த அத்துறை நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. சென்ட்ரல் எதிரிலுள்ள பெரியாஸ்பத்திரிக்கு டோல்கேட்டிலிருந்து பஸ்ஸில் போய்ச் சீட்டு வாங்கி வரிசையில் நின்ற நோயாளிகள் அங்கே நோயின் பெயரையாவது அறிந்தார்கள். செயற்கை மூட்டு மட்டும் எட்டாத உயரத்தில் இருந்தது. 1983இல் சென்னையில் அப்போலோ தொடங்கிய பின் தனியார் ஆஸ்பத்திரிகளில் மூட்டு மாற்றம் பெருகியது. இறக்குமதி மூட்டின் விலையே லட்சத்தைத் தாண்டியது. தொழிலாளர் ஈட்டுறுதி அட்டை இருந்த ஆலைத் தொழிலாளியின் குடும்பத்துக்கு ஒரு வழி இருந்தது. மீன் விற்ற பெண்ணுக்கும் தினக்கூலிக்கும் எதுவும் இல்லை.

இது மாறிய ஆண்டுகளைச் சொல்லலாம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இவற்றின் வழியாக அரசு ஆஸ்பத்திரிகளிலேயே மூட்டு மாற்றம் கட்டணமின்றிக் கிடைக்கத் தொடங்கியது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை நிர்ணயித்தது; பரவலாகப் பயன்பட்ட கோபால்ட்-குரோமியம் மூட்டின் சராசரி விலை ஒரு லட்சத்து 58 ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து 54,720 ரூபாயாக இறங்கியது, வரி தனி. பணம் என்ற தடை தளர்ந்தபோது முன்னே வந்து நின்றது தாமதம் என்ற தடை.

பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாமதித்து வரும் முடக்குவாத முழங்கால் எப்படியிருக்கும் என்று அருகில் பார்த்தால் ஆபத்தின் கணக்கு புரியும். வலிக்கு இதமாக மடக்கியே வைத்திருந்ததால் கால் முப்பது, நாற்பது பாகை மடங்கிய நிலையில் இறுகியிருக்கும், நிமிராது. முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்து பாதம் வெளியே போயிருக்கும். நார்கள் தளர்ந்திருப்பதால், மூட்டின் பின்சிலுவை நாரை நம்பாமல் அதன் வேலையையும் தானே செய்யும் வடிவத்தைப் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள். எலும்பு ஸ்டீராய்டாலும் அசைவின்மையாலும் மெலிந்திருப்பதால் ஆணி அடிக்கும்போதே பிளக்கலாம். இடுப்பில் பந்து கிண்ணத்தைத் துளைத்து உள்ளே புதைந்திருக்கும். அங்கே எலும்புத் துண்டு வைத்து நிரப்ப வேண்டும். ரத்தசோகை ஏற்கெனவே இருக்கும். கனடாவின் ஒன்டேரியோவில் 2014இல் வெளியான பெரிய ஆய்வில், இடுப்பு மாற்றிய முடக்குவாதக்காரர்களில் இரண்டு ஆண்டுக்குள் மூட்டு நழுவியவர்கள் 2.45 விழுக்காடு, தேய்மானக்காரர்களில் 1.21. முழங்காலில் கிருமித் தொற்று முறையே 1.26, 0.84. எண்கள் சிறியவை, ஆனால் தொற்றிய மூட்டைப் பிடுங்கி, சிமென்ட்டில் மருந்து கலந்து வைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து மறுபடி பொருத்தும் இரண்டாம் அறுவை நோயாளியின் வாழ்வையே புரட்டிப்போடுவது.

கிருமி வரும் வழிகளும் இடத்தைப் பொறுத்தவை. பல் சொத்தை, சிறுநீர்த் தொற்று, சர்க்கரை எல்லா ஊரிலும் உண்டு. துறைமுகத்தில் ஈரத்தில் வெறுங்காலோடு நின்ற பெண்களின் குதிகால் வெடிப்பும், முடக்குவாதத்தால் விரல்கள் மேலேறி முன்பாதத்தில் ஏற்படும் ஆணியும் புண்ணும் வடசென்னையில் மருத்துவர் கவனிப்பவை. பாதப் புண்ணிலிருந்து ரத்தம் வழியாக மூட்டுக்குக் கிருமி போகும். மூட்டு வைத்து ஐந்து வருடம் கழித்துக்கூடப் போகும். எனவே பாதப் புண் ஆறாமல் முழங்காலைத் தொடுவதில்லை. இடுப்பும் முழங்காலும் இரண்டும் கெட்டிருந்தால் இடுப்பை முதலில் மாற்றுவதே பொதுவழக்கு. இடுப்பு நேரானால்தான் முழங்காலை எந்தக் கோணத்தில் வைப்பது என்று தெரியும், பயிற்சியும் எளிது.

வீடு திரும்பிய பிறகும் ஆபத்து தொடர்கிறது. இடுப்பு மாற்றியவர் குந்தினால், சம்மணமிட்டால் பந்து கிண்ணத்திலிருந்து நழுவலாம். குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பின் மூன்றாம் மாடியில் லிஃப்ட் இல்லை. பொதுக் கழிப்பறை குந்தும் வகை. இப்பகுதியில் இருக்கும் பழைய ஒற்றை அறை வாடகை வீடுகளிலும் இதே நிலை. பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் துளையிட்டுக் கழிப்பறைமேல் வைத்துக்கொள்வது பல குடும்பங்கள் தாமாகவே கண்டுபிடித்த வழி. இயன்முறை மருத்துவர் கேட்க வேண்டிய கேள்விகளில் வீடு எந்த மாடியில், கழிப்பறை எந்த வகை என்பவை முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது என்பதற்குக் குறைந்தவை அல்ல.

மெத்தோட்ரெக்சேட் பரவலான நாடுகளில் 1990களிலிருந்து முடக்குவாதத்துக்காகச் செய்யும் மூட்டு மாற்றங்கள் குறைந்துவருகின்றன. அரிப்பு தொடங்கும் முன்பே நோய் அடக்கப்படுகிறது. வாதநோய்ப் பிரிவுக்கு முதல் ஆண்டிலேயே வந்து சேரும் நோயாளிக்கு இங்கும் அது வாய்க்கிறது. காலையில் எழுந்தவுடன் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் இறுக்கம், இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வீக்கம், ஆறு வாரம் தாண்டியும் குறையாத வலி என்று வருபவரை ரத்தப் பரிசோதனைக்கும் வாதநோய் மருத்துவரிடமும் உடனே அனுப்பும் ஆரம்ப சுகாதார நிலையம், பிற்காலத்தில் அவருக்குத் தேவைப்படக்கூடிய அறுவையின் ஆபத்தை அன்றைக்கே குறைக்கிறது. அதைத் தவறவிட்டு மூட்டு மாற்றத்துக்கு வந்தவருக்கு, தொடர வேண்டிய மாத்திரையும் நிறுத்த வேண்டிய ஊசியும் தனித்தனியே எழுதிய சீட்டு, கழுத்து எக்ஸ்ரே, காசநோய்ச் சோதனை, ஆறிய பாதம், கைப்பிடிக்கேற்ற வாக்கர் ஆகியவை முழங்கால் அளவெடுப்பதற்கு முன்பே தயாராக வேண்டும்.